செத்தவர்களுக்குப் போன் இல்லை

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன். முதல் தரம் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் வாத்தியார் என்னைக் கண்டாலே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். அதோடு படிப்பு முடிந்தது. அப்படிப்பட்ட என் கையில் அறுபத்து நான்கு அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்களைக் கொடுத்து, எது பெரியது என்று எழுதித் தா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையும் அதுதான்.

கேட்டவர் என் சின்யோரா, நான் வேலைசெய்த வீட்டு அம்மா. தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். நான் காலை எட்டு மணிக்குப் போய், கூட்டித் துடைத்து, உடுப்புக்கு இஸ்திரி போட்டு மினுக்கி, சமைத்து வைத்துவிட்டு ஐந்து மணிக்கு ஒரேத்தோவில் இருந்த என் அறைக்குத் திரும்புவேன். அவர் பிறப்பால் அமெரிக்கர். இளவயதில் சிசிலியைப் பார்க்க வந்து, இங்கே ஒரு வழக்கறிஞரைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் போக மறந்துவிட்டவர். இரண்டு மகன்கள். இருவரும் வளர்ந்ததும் தாய் விட்டுவந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் இறந்து போனார்.

அவருடைய இத்தாலி மொழியில் அமெரிக்கா மணக்கும். என்னுடையதில் யாழ்ப்பாணம் மணக்கும். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில்தான் நாங்கள் கதைத்தோம், ஆகவே யார் பிழைவிட்டாலும் மற்றவருக்குத் தெரியாது. அவர் சொன்னதையெல்லாம் என் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன். அவர் வாசித்துத் திருத்தப் போவதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, செத்துப்போன சின்யோரின், அதுதான் புருஷனின், அலுவலக அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த ஃபாக்ஸ் மெஷின் முனகத் தொடங்கியது. அவர் போனபிறகு அது ஒரு சத்தமும் போட்டதில்லை. நான் துடைப்பத்தோடு இரண்டடி பின்னால் போனேன். வெளியே வந்த தாள், யாரோ வேலி அடைக்கத் தொடங்கி இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வந்து பாதியில் விட்டதுபோல இருந்தது. முழுக்கக் கோடுகள். ஓரங்களில் பெயர்கள்.

சின்யோரா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து எனக்குச் சொல்லித் தந்தார். கல்லூரிப் பையன்களின் கூடைப்பந்துப் போட்டி. அறுபத்து நான்கு குழுக்கள், இரண்டு இரண்டாக மோதும். தோற்றது வீட்டுக்கு, வென்றது அடுத்த கோட்டுக்கு. மூன்று கிழமையில் ஒன்றே ஒன்று மிஞ்சும். ஆனால் முதல் பந்து எறியப்படுவதற்கு முன்பே, கடைசி வரை யார் யாரை வெல்வார்கள் என்று முழுத்தாளையும் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். அவருடைய குடும்பம் வருஷா வருஷம் இதைச் செய்கிறது. பெரிய மகன்தான் நடத்துகிறவர். காசு கிடையாது, வெறும் பெருமைக்குத்தான். மொத்தம் பத்துத் தாள். பத்தாவது தாள் சின்யோருடையது.

"பத்துத் தாள் போகவேணும். எப்பவும் பத்துத்தான். நீர் ஒண்டை நிரப்பும்" என்றார்.

எங்கள் ஊரில் கூடைக்குள் பந்து போடுவது பெண்பிள்ளைகளின் விளையாட்டு, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்ததற்காக ஒருமுறை அடிவாங்கியதைத் தவிர எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, என் புருஷனுக்கும் அவ்வளவுதான் தெரியும் என்றார்.

பிறகு ஒரு சட்டத்தையும் சொன்னார். சம்பியன் என்று நாம் எழுதிய குழு தோற்றால் நாம் செத்தவர். ஒவ்வொரு வாரமும் பெரிய மகன் முடிவுகளை ஃபாக்ஸில் அனுப்புவார். செத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை கீறியிருக்கும். பிறகு உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் போன் எடுத்து வாழ்த்துச் சொல்லுவார். செத்தவர்களுக்குப் போன் இல்லை. இந்தப் பகிடியைக் கண்டுபிடித்ததே சின்யோர்தானாம். சொல்லிவிட்டுச் சின்யோரா தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வாயில் இருக்கும். அன்றைக்கு வரவில்லை.

தாளை ஒரேத்தோவுக்குக் கொண்டு போனேன். குழுக்களை நாலு பிரிவாக்கி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் இலக்கம் போட்டிருந்தது. ஒன்று என்றால் மிகத் திறம், பதினாறு என்றால் கடைசி வாங்கு, கடைசிப் பெஞ்சு. கடைசி வாங்கில் இருந்து பழகியவன் நான், எனக்குப் பதினாறுகளை வெட்ட மனம் வரவில்லை. ஒன்றுகளைப் பார்த்தால் வகுப்பில் முன்னுக்கு இருந்து என்னை வாத்தியாரிடம் காட்டிக்கொடுத்தவர்களின் ஞாபகம் வந்தது. இப்படி நீதி நியாயம் பார்த்தால் தாள் நிரம்பாது. ஆகவே பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்களுக்குள் அது வழக்கம். ஒரு காரியம் செய்வதா விடுவதா என்று தெரியாவிட்டால் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டிச் சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் விடவேண்டும். எனக்கு ஊரில் பேசிவந்த ஒரே சம்பந்தத்துக்கும் அப்படித்தான் கட்டினார்கள். சிவப்பு வந்தது. பெண் வீட்டார் அன்றைக்கே சந்தோஷமாகப் போய்விட்டார்கள். நாற்பது வயதில் பலெர்மோவில் தனிக்கட்டிலில் கிடந்து கூரையைப் பார்க்கும் நாட்களில், அந்தப் பொட்டலத்தைச் சுற்றியது யார், கொஞ்சம் அசைத்து வைத்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன். ஆகவே பிள்ளையாரோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல் இருந்தது. ஒரு கேள்விக்குப் பிழையான பதில் தந்தவர் அறுபத்து மூன்று ஆட்டத்துக்குச் சரியாகச் சொல்லட்டும் பார்ப்போம் என்று நினைத்தேன்.

சிவப்புக்குச் சின்யோராவின் பல்கனி ஜெரேனியம், கேட்காமல் எடுத்தது. வெள்ளைக்கு ரயில்பாதை ஓரத்துச் சிறு பூ. சுற்றுவதற்குக் கடை விளம்பரத் தாள். மேல்கோட்டுக் குழுவுக்கு வெள்ளை, கீழ்கோட்டுக் குழுவுக்குச் சிவப்பு. எடுப்பதற்கு இன்னொரு கை வேண்டும். என் அறையில் இன்னொரு கைதான் இருந்தது: என்னோடு இருந்த மன்னார் அண்ணை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர், வேதக்காரர், ஞாயிறு பூசை தவறவிடாதவர். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. பிள்ளையார் படம் குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்தது. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு முதலாவதை எடுத்தார்.

இருபதாவது ஆட்டத்தில் அவருக்கு அலுத்துவிட்டது.

"தம்பி, உங்கட ஆளுக்கு உந்த விளையாட்டுத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை. அதாலைதான் பக்கச்சார்பில்லாமல் சொல்லுவார்."

"அவருக்கு முறிஞ்ச கொம்பு. பந்து எறியிறது கஷ்டம்" என்று சொல்லி அடுத்ததை எடுத்தார். அறுபத்து மூன்றாவது முடிந்தபோது ஜெரேனியம் கஞ்சியாகிவிட்டது. சம்பியன் இடத்தில் வந்து நின்றது நாலாம் நம்பர்க் குழு ஒன்று. பெயரை வாசிக்க எனக்கு இன்றைக்கும் நாக்கு வளையாது. அண்ணை அதைப் பார்த்து எழுதினார், நான் கீழே கையெழுத்து வைத்தேன். கையெழுத்து எனக்கு நன்றாக வரும். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, புதுப்பிக்க வரிசையில் நின்று நின்று பழகியது.

மறுநாள் சின்யோரா தாளைப் பார்த்துவிட்டு, பதினாறாம் நம்பர் மூன்று இடத்தில் வென்றிருக்கிறதே, திருத்துவோமா என்றார். சாமியிடம் ஒருதரம் கேட்டதைத் திருத்தவும் கூடாது, திரும்பக் கேட்கவும் கூடாது என்று விளங்கப்படுத்தினேன். என் இத்தாலி மொழியில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவர் மரியாதையோடு தலையாட்டித் தாளை மெஷினுக்குள் விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஃபாக்ஸ் வந்தது. என் பதினாறுகள் எல்லாம் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போயிருந்தன. பத்துப் பேரில் ஆகக் குறைந்த புள்ளி எனக்குத்தான். கடைசி வாங்கு என்னைத் தேடி அத்லாந்திக் தாண்டி வந்திருந்தது. ஆனால் சிலுவைகளைப் பார்த்த சின்யோராவின் முகம் சுருங்கியது. அவர் சம்பியன் என்று எழுதியிருந்தது தான் படித்த கல்லூரியை. ஒன்றாம் நம்பர். அது தோற்றுவிட்டது. சின்யோரா செத்துவிட்டார்.

"இந்தமுறை போன் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக் கதவில் ஃபாக்ஸைக் குத்தினார்.

பிள்ளைகளின் போன் அந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்று, பாஸ்கா என்ற ஈஸ்டருக்கு ஒன்று. மற்றது இந்த மூன்று கிழமையும் கிழமைக்கு ஒன்றாக மூன்று. அந்த மூன்று போன்களுக்காகத்தான் அவர் பத்துத் தாள் வேண்டும் என்று நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தாள் வீட்டில் இருந்தால் ஒன்றாவது தப்பும். புருஷன் இருந்த காலத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பிறகுதான் கவனித்தேன், என் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இல்லை. நாலாம் நம்பர் இரண்டு ஆட்டமும் வென்றிருந்தது.

பின்னேரம் நாலு மணிக்குப் போன் அடித்தது. சின்யோரா எடுத்தார், கேட்டார், என்னிடம் நீட்டினார். உமக்குத்தான் என்றார்.

பலெர்மோவுக்கு வந்து நாலு வருஷம். எனக்கென்று அடித்த முதல் போன் அது. என் நம்பர் என்று ஒன்று யாரிடமும் இல்லை. என் அறையில் போனும் இல்லை. ஈரக்கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மகன் ஆங்கிலத்தில் வேகமாக என்னவோ சொன்னார். நான் யெஸ் என்றேன். திரும்பச் சொன்னார். தாங்க்யூ என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதோடு தீர்ந்துவிட்டதால் போனைச் சின்யோராவிடமே கொடுத்தேன்.

அவர் முதலில் நின்றுகொண்டு மொழிபெயர்த்தார். பிறகு மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டார். சுவரில் சாய்ந்தார். நான் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தேன். பேரப்பிள்ளைக்குப் பல் விழுந்தது, மழை, முழங்கால் வலி என்று என்னவெல்லாமோ போய்க்கொண்டிருந்தது. நான் மூன்று சட்டை மினுக்கி முடித்தேன்.

வைத்துவிட்டு வந்தவரிடம், மகனோடு இவ்வளவு கதை இருக்கிறதே, நீங்களே எடுத்துக் கதைக்கலாமே என்று கேட்டேன். படிக்காதவன், அப்படியெல்லாம் கேட்பேன்.

சின்யோரா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் எடுத்தா, அம்மா என்ன விசயம் எண்டு கேப்பினம். எனக்கு விசயம் ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து நாலாம் நம்பர் எனக்கு விளையாட்டு இல்லை. வியாழன், சனி ஆட்டங்களின் முடிவு ஞாயிறு காலை வரும். ஞாயிறு எனக்கு லீவு. ஆனாலும் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். வெளியே நல்ல வெயில். சின்யோரா கதவைத் திறந்து, குடையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நாலாம் நம்பர் வென்றுவிட்டது, கடைசி நாலு குழுவுக்குள் வந்துவிட்டது என்றார். நான் இல்லாத குடையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாவது திங்கட்கிழமைப் போனில் மகன்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். உயிரோடு இருந்தது நானும் அங்கே ஒரு மருமகளும் மட்டும்தான். புள்ளியில் கடைசியாக நிற்பவன் எப்படிச் சம்பியனை மட்டும் சாகவிடாமல் வைத்திருக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். சின்யோரா பூக்கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. நான் அதற்காகவே பிறந்தவன். ஆனால் அதுவரை அதனால் யாருக்கும் பிரயோசனம் இருந்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் குடையை விட்டுவிட்டேன். நாலாம் நம்பர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. மருமகளின் குழு மற்றப் பக்கம். ஆட்டம் திங்கள் இரவு அமெரிக்காவில். எங்களுக்குச் செவ்வாய் விடியும்போது முடிவு தெரியும். வென்றால் சம்பியனைப் பிடித்தவருக்குக் குடும்பம் முழுக்க ஒவ்வொருவராகப் போன் எடுப்பது வழக்கமாம். சின்யோரா வாசலில் நின்று கதவுப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இன்னொருக்காப் பூக்கட்டிப் பாரும். வெல்லுமோ எண்டு மட்டும்."

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மன்னார் அண்ணை கைவைக்க மாட்டேன் என்றார். "ஒருக்காக் கேட்டதைத் திருப்பிக் கேட்டா ஆருக்கும் கோவம் வரும். உங்கட ஆள் எண்டாலும் எனக்குப் பயம்." ஆகவே நானே கட்டி, நானே கண்ணை மூடி, நானே எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். ஏதோ பொட்டலம் நினைவை இழந்துவிடும் என்பதுபோல.

திங்கள் காலை கதவைத் திறந்தவுடன் சின்யோரா என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளை" என்றேன். இதற்கு முன் சாமி பெயரில் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் பெயரில் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கலியாண வேலை நடந்தது. நடையில் இருந்த போனை நீண்ட வயரோடு சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தோம். பக்கத்தில் இரண்டு கதிரை: ஒன்று எனக்கு, யெஸ் சொல்வதற்கு, மற்றது அவருக்கு. பாதாம் கேக் வாங்க என்னை அனுப்பினார். நீலச் சட்டையை மினுக்கச் சொன்னார். நான் மினுக்கினேன். வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்குப் போய் நேரே அலுவலக அறையைக் கூட்டப் போனேன். ஃபாக்ஸ் தாள் நிலத்தில் கிடந்தது. எனக்கு எழுத்து வாசிக்க நேரமெடுக்கும், சிலுவை வாசிக்க நேரமெடுக்காது. என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, வடிவாகக் கீறியிருந்தது.

கோப்பித் தட்டின் கீழே வைத்துக் கொண்டுபோனேன். சின்யோரா நீலச் சட்டையோடு இருந்தார். பார்த்தார். நல்லாய் விளையாடியிருக்கிறார்கள், இரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்றார். கேக்கை வெட்டி எனக்கு ஒரு துண்டு தந்தார். போனைத் திரும்ப நடையில் வைக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

நாலு மணிக்கு அவர் அந்தக் கதிரையில் போய் இருந்தார். சட்டம் அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மற்றக் கதிரையில் இருந்தேன். அமெரிக்காவில் மருமகளின் போன் இப்போது விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். நாலரைக்கு நான் எழும்பிக் கோப்பைகளைக் கழுவினேன். ஐந்து மணிக்குப் போய்வருகிறேன் என்றேன். ஓம் என்று தலையாட்டினார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியா மக்வேதாவில் கடைகள் எல்லாம் திறந்து, சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு போன் பெட்டி. என் பணப்பையில் ஒரு போன் அட்டை இருந்தது. நத்தாருக்கு எல்லாரும் வரிசையில் நின்று வாங்குகிறார்களே என்று நானும் வாங்கியது. யாருக்கு எடுப்பது என்று வாங்கிய பிறகுதான் யோசித்தேன். அந்த அட்டையின் மூலையைக் கிழித்தால்தான் மெஷின் எடுக்கும். என்னுடையதில் மூலை அப்படியே இருந்தது.

கிழித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டதும் வைத்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

"நான்தான் சின்யோரா" என்றேன்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன விசயம்?" என்றார்.

"விசயம் ஒண்டும் இல்லை."

பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கத்திக்கொண்டு போனது. அது போய்முடியும் வரை இருவரும் காத்திருந்தோம்.

"செத்த ஆக்களுக்குப் போன் இல்லை எண்டு சட்டம்" என்றார்.

"செத்த ஆள் எடுக்கக்கூடாதெண்டு சட்டத்திலை இல்லையே."

அவர் சிரித்தார். மகன்களோடு சிரித்த அந்தச் சிரிப்பு இல்லை. சின்னது, மூக்கால் வந்தது. எனக்கு அது போதும். அந்தத் துணிவில், சிவப்புப் பூதான் வந்தது, பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியும்" என்றார். "நேற்று முழுக்க நீர் ஒரு பகிடியும் விடேல்லை."

பிறகு கேக் மிச்சம் இருக்கிறது என்றார். நாளைக்கு வந்து சாப்பிடுகிறேன் என்றேன். உங்கள் சாமி கோபிக்க மாட்டாரா என்று கேட்டார். என்னோடு அவர் ஏற்கனவே கதைப்பதில்லை என்றேன். நடையில் இருந்த விளக்கு மங்குகிறது என்றார். மாற்றிவிடுகிறேன் என்றேன். இப்படியே போனது. காலை எட்டு மணியிலிருந்து ஒரே வீட்டுக்குள் இருந்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத கதை எவ்வளவு மிச்சம் வைத்திருந்தோம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

வைத்தபிறகு மெஷின் அட்டையைத் துப்பியது. எவ்வளவு மிச்சம் என்று சின்னத் திரையில் காட்டியது. நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்த நம்பர்தான் முடிந்துவிட்டது. பின்னால் ஒரு ஆள் காத்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தும், ரிசீவரைத் திரும்ப எடுத்துக் காதில் வைத்தபடி இன்னும் கொஞ்சநேரம் நின்றேன், யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பவன்போலத் தலையையும் ஆட்டிக்கொண்டு.